கூப்பிட்டால் வராத நாய்

ராபர்ட் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீசியன். கூட வேலை பார்க்கும் தாமோதரின் நாய் நான்கு குட்டி ஈன்றபோது ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தான். பால்வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு. ராக்கி என்று பெயர் வைத்தான். கூடப்பிறந்த இன்னொன்றைத் தாமோதரே வளர்த்தான்.

தாமோதரின் நாய் ஆறே மாதத்தில் ஒரு விசிலுக்கு ஓடிவந்து நின்றது. ராக்கியோ, ராபர்ட் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பாது. ஒரே வயிற்றில் பிறந்தும் இப்படியா என்று மில்லில் சிரித்தார்கள். ராபர்ட்டுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. வயர் துண்டால் அடித்தான். அடித்தால் சுருண்டு படுக்கும். மறுநாள் பழையபடியே இருக்கும்.

அவன் மனைவி ஏசம்மாள்தான் ஒருநாள் மெல்லச் சொன்னாள். "ஏங்க, ஆளக் கண்டாத்தான் அது வருது. முதுகுக்குப் பின்னால நின்னா நாம இருக்கதே தெரியல. டாக்டர்ட்ட காட்டுவமா?"

"திமிருக்கு மருந்து இருக்காடி?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு மத்தியானம் சோற்றை வைத்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த ராக்கியின் முதுகைத் தொட்டாள் ஏசம்மாள். அது பதறி எழுந்து அவள் கையைக் கவ்விவிட்டது. ஏழு தையல். அவள் வேண்டாம் என்று அழுதும் கேளாமல், அந்த வாரமே மகாராஜபுரத்தில் ஒரு தென்னந்தோப்புக்குக் காவலுக்கென்று ராபர்ட் அதைக் கொடுத்துவிட்டான்.

நான்கு மாதம் கழித்து, தாமோதர் தன் நாய்க்கு ஊசி போடப் போனபோது ராபர்ட்டும் துணைக்குப் போனான். நாயைத் தடவிப் பார்த்த டாக்டரம்மா, கூடப்பிறந்ததில் செவிடு ஏதும் உண்டா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்கள் உள்காதிலும் இருக்க வேண்டுமாம். வெள்ளை நாய்களில் சிலவற்றுக்கு அங்கே அவை இருக்காது. பிறந்த சில வாரங்களிலேயே காது செத்துப்போகும். ஒரே ஈற்றில் ஒன்றுக்குக் கேட்கும், ஒன்றுக்குக் கேட்காது. வளர்ப்பவர்கள் அதைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார்.

ராபர்ட் அங்கிருந்தே பஸ் ஏறினான். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறி, வத்திராயிருப்பு பஸ்ஸில் நின்றுகொண்டே போனான். எப்படியாவது கூட்டிவந்துவிட வேண்டும், கையசைத்தே பழக்கிவிடலாம் என்று மனம் அடித்துக்கொண்டது.

தோப்புக் காவல்காரர் தங்கச்சாமி அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அது போயி மூணு வாரமாச்சு தம்பி. காய் ஏத்த வந்த லாரி ரிவர்ஸ்ல வந்துச்சு, இது அதுக்குப் பின்னால படுத்துக் கெடந்துச்சு. டிரைவர் எம்புட்டு ஹாரன் அடிச்சும் எந்திரிக்கல. அம்புட்டுத் திமிரு அதுக்கு."

"அதுக்குக் காது கேக்காதுண்ணே."

தங்கச்சாமி, அது தெரியாமல் தானும் நாலு அடி அடித்திருப்பதாகச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். புதைத்த இடத்தைக் காட்டக் கூப்பிட்டார். ராபர்ட் போகாமல் பஸ் ஏறத் திரும்பிவிட்டான்.

வீட்டுக்கு வந்து ஏசம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

"அப்ப ஒவ்வொரு அடியும் எதுக்குன்னே தெரியாமத்தான் வாங்கிருக்கு," என்றாள் அவள்.

ராபர்ட் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். அன்று அவன் ஷிப்டுக்குப் போகவில்லை.