வெளுத்த ஓடு

எண்ணெய் ஆலையின் சோதனை அறையில் அன்று மூன்று பேர் இருந்தார்கள்: ஆலை முதலாளி, எட்டு வருடம் கலப்பு செய்து ஒரு புது வேர்க்கடலை ரகத்தை உருவாக்கிய அவருடைய தங்கை, முதலாளியின் நிலத்தில் அதைப் பயிரிட்ட அவள் கணவன்.

முதலாளி எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து முகம் சுளித்தார். "ஒரு வருஷம் கெடாதுன்னு சொன்னே. ரெண்டே மாசத்துல சிக்கு நாத்தம் குடலைப் புடுங்குது. மூலையில கிடக்குற விதை மூட்டையையும் அரவையில போட்டுடுறேன்."

"ரகத்துல குறை இல்லண்ணா."

"பெத்தவ வேற எப்படிச் சொல்லுவா?"

கணவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் அவனுக்கு நிலம் போய்விடும். சொல்லாவிட்டால் அவளுக்கு விதை போய்விடும். அவள் சோதனைக்கு வைத்திருந்த அறுவடைக் கடலையில் ஒன்றை எடுத்து உடைத்தாள். முற்றிய கடலையின் ஓடு உள்ளே கருத்திருக்கும். இது வெளுத்திருந்தது. இன்னும் ஒரு கைப்பிடி உடைத்தாள். எல்லாமே வெள்ளை.

"முத்துறதுக்கு முன்னாடியே பிடுங்கியிருக்காரு. பிஞ்சுல எடுத்தா எந்த ரகத்து எண்ணெயும் நிக்காது."

"விதைச்சதே லேட்டு," என்றான் கணவன். "குளிர் வந்துடுச்சு, காய் முத்தவே இல்ல, பிடுங்கிட்டேன். செடிக்கெல்லாம் போர்வையா போத்த முடியும்?"

"அப்பவே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே மாப்ள. நிலத்துப் பம்பு ரூம் சாவியை வச்சுட்டுக் கிளம்புங்க."

சாவியை மேசையில் எறிந்துவிட்டு அவன் அவளைப் பார்த்தான். "இனிமே உன் விதையோடயே குடும்பம் நடத்து."

அவன் வெளியே போனதும் அவள் எழுந்தாள். திரும்பி வந்து விதை மூட்டையில் கைவைத்தாலும் வைப்பான் என்று கதவைச் சாத்தி உள்ளே தாழிட்டாள்.