இரண்டு பேரிடமும் அடி வாங்கியவர்

தீர்ப்பை ராஸ்கோவிடம்தான் கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு ருசித்தது. ஐம்பது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தவருக்கு வேறென்ன வேண்டும்?

வட ஃபிலடெல்பியாவில் அந்தக் குத்துச்சண்டை ஜிம்மின் பக்கச்சுவர் மூன்று மாடி உயரம். அதில் ஒரே ஒரு முகம் வரையப்போகிறார்கள். எழுபதுகளின் சாம்பியன் க்ளீவன் மேப்ரியா, தொண்ணூறுகளின் டெரெக் ஹோல்டா? இரண்டு ஹெவிவெயிட்டும் இதே தெருக்காரர்கள். காலம் வேறு, மோதிக்கொண்டதே இல்லை. ஆறு மாசமாகத் தெரு இரண்டுபட்டுக் கிடந்தது. கடைசியில் ஜிம் நடத்தும் வெண்டெல்தான் வழி சொன்னான். இருவருக்கும் பயிற்சியில் எதிரே நின்று அடி வாங்கியவர் ஒரே ஆள்தான், ராஸ்கோ டில்லரி. அவர் சொல்வதே முடிவு.

சனிக்கிழமை மத்தியானம் சர்ச் ஹாலில் கூட்டம் நெரிந்தது. ஹோல்ட் செத்து நாலு வருஷமாகிறது. மேப்ரி முன்வரிசையில் இருந்தார், பக்கத்தில் மகள். பக்கவாதம் வந்த அவரது வலது கை மடியில் சும்மா கிடந்தது. கிடக்கட்டும் என்று நினைத்தார் ராஸ்கோ.

இருபத்திரண்டு வயதில் அவருக்கு முதல் பெரிய சண்டை கிடைத்திருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால், பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பயிற்சியில் மேப்ரியின் மூக்கில் இரண்டு குத்து விட்டார். அதுதான் குற்றம். மணி அடித்து ராஸ்கோ கையை இறக்கிய பிறகு மேப்ரியின் இடது கை வந்தது. இரண்டு விலா எலும்பு போயிற்று. "உங்கம்மாகிட்ட எண்ணெய் தேய்க்கச் சொல்லுடா" என்று சிரித்தான் படுபாவி. சண்டை வேறொருவனுக்குப் போனது. அதற்கப்புறம் ராஸ்கோவுக்குக் கிடைத்ததெல்லாம் கூலிக்கு அடி வாங்குகிற வேலைதான்.

"மேப்ரி காலத்துல எதிர்ல நின்னவன் எல்லாம் தொப்பைக்காரனுங்க! ஹோல்டு முன்னாடி நாலு ரவுண்டு தாங்குவாரா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"போடா பொடிப்பயலே! உன் ஹோல்டு பன்னெண்டு ரவுண்டோட வீட்டுக்குப் போறவன். இவரு பதினஞ்சு ரவுண்டு ஆடுன மனுஷன்!"

வெண்டெல் கையைத் தட்டினான். "ராஸ்கோ அண்ணே, நீங்களே சொல்லுங்க. யாரு அடி பலம்?"

உண்மை அவருக்கு நன்றாகத் தெரியும். ஹோல்ட் அடித்தால் வலிக்கும். மேப்ரி அடித்தால் கால் எங்கே இருக்கிறதென்றே தெரியாது.

"ஹோல்டு அடிச்சா ஒரு வாரம் திரும்பிப் படுக்க முடியாதுப்பா."

"மேப்ரி?"

ராஸ்கோ முன்வரிசையைப் பார்த்தார். "மேப்ரியா? அவரு அடிச்சதா ஞாபகமே இல்லையே. கொசு கிசு கடிச்சிருக்கும்."

ஹால் அதிர்ந்தது. ஹோல்ட் கட்சிக்காரர்கள் நாற்காலியைத் தட்டிக் குதித்தார்கள். மேப்ரியின் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். உயிரோடு இருக்கும்போதே செத்துப்போடா என்று ராஸ்கோவின் மனசு கூத்தாடியது. வயிறு குளிர்ந்துவிட்டது அவருக்கு.

மேப்ரி மகளின் கையை விலக்கிவிட்டு எழுந்தார். காலை இழுத்து இழுத்து ராஸ்கோவின் எதிரே வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"சரி விடு ராஸ்கோ. கை குடு."

வலது கை வராது. இடது கையைத்தான் நீட்டினார். அது கீழிருந்து வெடுக்கென்று வந்தது.

ராஸ்கோவின் முகவாய் தானாக நெஞ்சில் புதைந்தது. வலது முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டது.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மேப்ரியின் விரல்கள் கை குலுக்க விரிந்தபடி, ராஸ்கோவைத் தொடாமல் அந்தரத்தில் நின்றன. ராஸ்கோ முழங்கையை எடுக்கப் பார்த்தார். அது வரவில்லை.