பால்காரருக்கு இரண்டு பக்கம்

பீரோவின் கீழ்த்தட்டில் கையை விட்டு மனைவியின் ஆதார் அட்டையைத் துழாவிக்கொண்டிருந்தார் பூபாலன். கல்லறைத் தோட்டத்தில் கேட்கிறார்களாம். செத்தவளுக்கு எதற்கு அடையாள அட்டை என்று எரிச்சலாக வந்தது. கைக்கு அகப்பட்டதெல்லாம் நோட்டுகள். ஒன்றை இழுத்தால் இன்னொன்று சரிந்து, பதினொன்றும் அவர் காலடியில் வந்து விழுந்தன.

"கெடைச்சுதாப்பா?" ஹாலிலிருந்து மகள் ஷாரோன் கேட்டாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"தேடிகினுதான் கீறேன். உங்கம்மா ஒரு எடத்துலயா வெப்பா?"

ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் பிரிசில்லா படுத்திருந்தாள். நேற்று சாயந்திரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாள். ஐம்பத்தொரு வயது. இன்று நாலு மணிக்கு அடக்கம்.

ஷாரோனுக்குக் கல்யாணமான மறுமாதம் பிரிசில்லா படம் வரையக் கற்றுக்கொள்ளக் கிளம்பினாள். சனிக்கிழமை தவறாமல் செங்கல்பட்டில் பஸ் ஏறி மாமல்லபுரம் போவாள். அங்கே கலையரசன் என்ற சிற்பி தகரக் கொட்டகையில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுத்தார். "இந்த வயசுல இன்னாத்துக்குடி இது?" என்று பூபாலன் கேட்டபோது நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். இரண்டு வருஷம் போனாள். என்ன வரைகிறாள் என்று அவர் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

இப்போதும் பார்க்கும் எண்ணமில்லை. விழுந்ததில் ஒன்று தானாகவே பிரிந்து கிடந்தது. அந்த நோட்டு முழுக்க டம்ளர். வாய் கோணிய டம்ளர், எப்போது சாயுமோ என்று நிற்கும் டம்ளர். ஒவ்வொன்றின் கீழும் 'மறுபடி' என்று எழுதியிருந்தாள். மற்றதையும் எடுத்துப் புரட்டினார். ஐந்தாவது நோட்டில் டம்ளர் தரையில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. எட்டாவதில் அது கண்ணாடி டம்ளர். உள்ளே தண்ணீர் இருந்தது, தண்ணீருக்குப் பின்னால் ஜன்னல் கம்பி வளைந்து தெரிந்தது. பூபாலன் விரலால் தொட்டுப் பார்த்தார். இவ்வளவு தூரம் எப்போது வந்தாள் இவள்?

அடுத்த நோட்டில் கேஸ் சிலிண்டர், மிக்சி, கொடியில் காயும் அவருடைய காக்கிச் சட்டை, வார் பிய்ந்த அவருடைய கண்டக்டர் பை, இடது குதிகால் தேய்ந்த அவருடைய செருப்பு. அதற்குப் பிறகு ஆட்கள். பக்கத்து வீட்டு ஞானம்பாள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே மாரில் அடித்துக்கொண்டு அழுகிற அதே ஞானம்பாள், அச்சு அசலாக. பால்காரர் ஜானகிராமன் இரண்டு பக்கத்துக்கு மீசையும் கேனுமாக நின்றார். பூபாலன் வேகவேகமாகப் புரட்டினார். கடைசி நோட்டும் முடிந்தது. அவர் எங்கேயும் இல்லை.

ஷாரோன் உள்ளே வந்தாள். "அம்மா ஹேண்ட்பேக்லயே இருந்துச்சுப்பா. நீங்க இன்னா பண்றீங்க?"

"என்ன எங்கனா போட்டுகீறாளா, நீ பாத்துகீறியா?"

"இன்னாப்பா, இப்பப் போயி..."

"பால்காரன் மூஞ்சிக்கு ரெண்டு பக்கம்! கூட இருந்தவனுக்கு ஒண்ணுகூட இல்ல!"

அவள் அவரை ஒருமாதிரி பார்த்துவிட்டு, ஆதாரோடு போய்விட்டாள். பூபாலனுக்கு அவமானமாக இருந்தது. வாழ்ந்த இருபத்தேழு வருஷத்தில் கோபம் வந்தால் கத்துவதற்கு அவள் இருந்தாள். இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மூன்று மணிக்கு அவளை மரப்பெட்டிக்கு மாற்றினார்கள். அந்த நேரத்தில் மாலையோடு கலையரசன் வந்தார். கூட வகுப்பில் படிக்கும் வரலட்சுமி என்ற அம்மாள். மாலையைப் போட்டுத் திரும்பிய கலையரசனைப் பூபாலன் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனார்.

"சார், ஒண்ணு கேக்கணும். செருப்புலேந்து பால்காரன் வரைக்கும் போட்டுகீறா. என்ன மட்டும் ஏன் போடல?"

கலையரசன் தயங்கினார். "வீட்ல இருக்கற ஒருத்தர எதிர்ல உக்கார வெச்சு வரைஞ்சுட்டு வரச் சொன்னேன் சார். மூணு வாரம் வெறும் பேப்பரோட வந்தாங்க. நாலாவது வாரந்தான் பக்கத்து வீட்டம்மாவப் போட்டாங்க."

"ஏனாம்?"

"வீட்டுக்காரரு பத்து நிமிஷம் ஒரே எடத்துல உக்கார மாட்டாருன்னாங்க. தூங்கறப்ப வரைங்களேன்னேன். அது வேணாம், அவரு என்னப் பாக்கணும்னு சொல்லிட்டாங்க. உங்களக் கேக்கலியா சார்?" என்றார்.

கேட்டாள். சோறு தின்று கை கழுவியதும், "கொஞ்சம் எதிர்ல உக்காரேன்யா" என்பாள். அவள் உட்காரச் சொன்னால் அது பஞ்சாயத்துக்குத்தான் என்று அவருக்கு நினைப்பு. குடித்தது, கத்தியது, தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போகாதது, ஏதாவது ஒன்றை எடுப்பாள் என்று சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு நழுவிவிடுவார். கண்டக்டராக நின்றே பழகிய கால், வீட்டிலும் தங்காது.

"கேட்டா சார்," என்றார். "படத்துக்குன்னு சொல்லல. வாயத் தொறந்து சொன்னா இன்னாவாம்?"

சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். என் மூஞ்சிய வேற போடப் போறியா என்று கேலி பேசிக்கொண்டே டீக்கடைக்குப் போயிருப்பார். அது அவருக்கே நன்றாகத் தெரிந்தது. யாரையும் திட்ட வழியில்லாமல் வாசலிலேயே நின்றார்.

பிறகு உள்ளே போனார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து, பெட்டியில் அவள் முகத்துக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டார். முதுகை நிமிர்த்தி, அவளைப் பார்த்தார்.

ஞானம்பாள் சோடா கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. மயக்கமோ என்று யாரோ கேட்டார்கள்.

"அப்பா, பாஸ்டர் வந்துட்டாரு. பெட்டிய மூடணும், எந்திரிங்க."

"உக்காந்துகினு கீறேன் இல்ல," என்றார் பூபாலன், உதடு அசையாமல்.

பூமாலையிலிருந்து எழுந்த ஈ ஒன்று அவர் புருவத்தில் உட்கார்ந்தது. அங்கிருந்து மூக்கின் மேல் இறங்கி நடந்தது. அவர் கையைத் தூக்கவில்லை.