துருவத்தின் மேல் இரண்டு கொம்பு

விமான நிறுவனத்தின் பாதை அலுவலகத்தில் பகலில் எனக்கு ஒரே வேலை. செயற்கைக்கோள் ஒவ்வொரு முறை துருவத்தைக் கடக்கும்போதும் அனுப்பும் துகள் வரைபடத்தைப் பார்த்து, அந்த வழியாக விமானம் போகலாமா என்று சொல்ல வேண்டும்.

வேலை முடிந்து நான் போகும் மாலை வகுப்பில் சொல்லித்தந்தது எளிதுதான். சூரியப் புயல் வீசிய துகள்கள் என்றால் துருவம் முழுக்க நிரம்பும். வரைபடத்தில் கோடு மேசை போல உயர்ந்து தட்டையாக நிற்கும். அது ஆபத்து, அந்த வழியாகப் பறப்பவர்கள் உடம்பில் கதிர்வீச்சு ஏறும். பூமியைச் சுற்றியிருக்கும் வளையத்தின் எலக்ட்ரான்கள் கருவியை ஏமாற்றினால் இரண்டு ஓரத்திலும் கொம்பு முளைக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

இன்று மதியம் கோடு உயர்ந்தது. மாலை விமானத்தில் பணிப்பெண்ணாகப் போகிறவள் என் அக்கா. அவளுக்கு மூன்றாம் மாதம். பறக்க விடமாட்டார்கள் என்று அலுவலகத்தில் மறைத்துவிட்டாள். அவள் கணவர், என் மாமாவிடமும் சொல்லவில்லை, அவர் வாயில் எதுவும் தங்காது.

"மேசை சார்," என்றேன்.

"நல்லாப் பாத்தியா?" என்றார் பாதை அதிகாரி. "சுத்திப் போனா நடுவுல இறங்கி எரிபொருள் போடணும். எல்லாரும் என்னைத்தான் காய்ச்சுவாங்க."

"பாத்தேன் சார்."

அவர் பாதையை மாற்றத் தொடங்கியதும் எனக்குச் சந்தேகம் வந்தது. எனக்குச் சந்தேகம் வருவது புதிதல்ல. சரியான சந்தேகம் வந்ததுதான் புதிது. வரைபடத்தில் நடுக்கோடு தரையோடு கிடந்தது. ஓரங்களில் கொம்புகள். மாட்டுக்குக்கூட அவ்வளவு தெளிவாக இருக்காது.

"சார், தப்பு. கொம்புதான்."

"மேசைக்குக் கொம்பு முளைக்கிறதை இப்பத்தான்யா பாக்கறேன்," என்றபடி பழைய பாதையையே போட்டார்.

வராந்தாவுக்குப் போய் அக்காவைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"எனக்காகப் பொய் சொன்னியாடா?"

"பொய் இல்லக்கா. எனக்கு நிஜமாவே மேசையாத்தான் தெரிஞ்சுது. அதான் பயமா இருக்கு."

"புயல்தான் இல்லையே, அப்புறம் என்ன?"

"இன்னைக்கு இல்லாததை இருக்குன்னேன். நாளைக்குப் பயத்துல இருக்கறதை இல்லைன்னுட்டா? விமானத்துல நீ மட்டுமா இருக்கே? நீ பறக்கறவரைக்கும் என் கண்ணை நம்ப முடியாதுக்கா."

அந்தப் பக்கம் சூட்கேஸ் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"வயித்துக்குள்ள ஒண்ணு, வெளியில ஒண்ணு. ரெண்டையும் நானே கட்டி மேய்க்கணும்," என்று வைத்துவிட்டாள்.

விமானம் துருவத்தின் வழியாகவே கிளம்பியது. வகுப்புக்கு நான் பையை எடுக்கும்போது அக்கா கூப்பிட்டாள்.

"மேலதிகாரிகிட்ட சொல்லிட்டேன். இனி தரையிலதான் வேலை. உங்க மாமாவுக்கும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"தெரியல. பக்கத்து வீட்டுக்கு ஓடிட்டார்."