எட்டிதழ்க் கமலத்தின் முதல் இதழ்

“படம்” என்றது கைக்கணினி. ஞானசேகரன் விரலால் பக்கத்தைத் தள்ளினார். “படம்” என்றது மீண்டும் அதே பெண்குரல். முன்னுரையைத் தடங்கலின்றி வாசித்த குரல்தான் அது. பாடல்கள் தொடங்கியதும் பக்கத்துக்கு ஒருமுறை அந்த ஒற்றைச் சொல்லை உதிர்த்துவிட்டு வாய்மூடிக்கொண்டது. சிதம்பரத்தில் மேலவீதிக்குப் பின்புறமிருந்த அந்த வீட்டில் காலையிலிருந்து வேறு குரல் எதுவும் எழவில்லை.

பாடல்கள் அவருடைய மனைவி மங்கலம் இயற்றியவை. தேரின் தட்டுகளிலும் பாம்புகளின் பின்னலிலும் கட்டங்கட்டமாக எழுத்துகளை அமர்த்தி, ஓரெழுத்தே இரண்டு அடிகளுக்கும் பொதுவாக நிற்கும்படி ஆடவல்லானைப் பாடிய சித்திரகவிகள். பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்த ஞானசேகரன் உருவங்களை வரைந்து தந்தார். அவள் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவர் கட்டங்களை நிரப்புவார். நிரப்பி முடித்ததும் கோட்டின் நேர்த்தியைப் பார்ப்பாரேயன்றிப் பாடலைப் படித்துப் பார்த்ததில்லை.

“தேர் செய்யிற ஆசாரி மாதிரி இருக்கீங்க. ஒரு நாளாவது ஏறி உக்காந்து பாக்கக் கூடாதா?” என்று மங்கலம் இடிப்பாள்.

“ரிட்டயர் ஆவட்டும், ஏறுறேன்” என்பார்.

ஓய்வு வந்தது. கூடவே கண்ணின் நடுப்பார்வையில் ஒரு நிழலும் வந்து அமர்ந்தது. ஓரங்கள் புலப்படும், நோக்கிய பொருள் மட்டும் புலப்படாது. மங்கலமும் போன பிறகுதான் அந்தப் பாடல்களைக் கேட்டாக வேண்டும் என்ற வேட்கை அவருக்குள் பசியைப் போல மூண்டது. வாசித்துக் காட்ட வீட்டில் ஒருவருமில்லை. மின்னூலாக்கினால் கருவியே வாசிக்கும் என்றார்கள்.

அப்படி அந்த நூலைச் செய்துதந்தவள், கடலூர் முதுநகரில் வீட்டிலிருந்தபடியே மின்னூல் செய்யும் சத்யப்பிரியா. அவளை இப்போது அழைத்தார்.

“என்னம்மா, எல்லாத்தையும் படம் படம்னே சொல்லுது?”

“ஐயோ, என் தப்புதான் ஐயா. ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுத ஒரு எடம் உண்டு. அது காலியா கெடந்தா செக்கிங்ல ஃபைலு பாஸ் ஆவாது. முன்ன இருந்த கம்பெனில வேலை ஜாஸ்தி. எல்லாருமே ‘படம்’னு போட்டுத் தள்ளிடுவோம். கைப்பழக்கத்துல உங்களுதுக்கும் போட்டுட்டேன்.”

“எழுத்தெல்லாம் உள்ளதான இருக்குது?”

“இருக்குது. ஃபோட்டோவா ஒட்டல, கோடுகோடா வரஞ்சுதான் வச்சிருக்கேன். ஆனா மெஷினுக்குப் பாட்டு எப்டி ஓடுதுன்னு தெரியாதே. நீங்க வரிசையச் சொல்லுங்க, விளக்கத்துல அப்டியே எழுதிடறேன். அது படிச்சிடும்.”

அந்த வரிசை தமக்கும் தெரியாது என்று அவர் ஒப்புக்கொண்டார். சத்யப்பிரியா சிரிக்கவில்லை. “சனிக்கெழம நானே வரேன் ஐயா” என்றாள்.

சொன்னபடியே வந்தாள். மேசைமேல் மடிக்கணினியைத் திறந்து தேரை விரித்தாள். ஞானசேகரன் கண்களை மூடிக்கொண்டார். மங்கலம் எழுத்துகளைப் பாடலின் வரிசையில்தான் சொல்லியிருப்பாள்; அவர் கை அந்த வரிசையில்தான் கட்டங்களுக்குப் போயிருக்கும். பாட்டு அறியாத கைக்கு அது போன வழி நினைவிருந்தது. மேசைப் பலகையில் விரல் கீழ்த்தட்டிலிருந்து நகர, சத்யப்பிரியா அந்தந்தக் கட்டத்து எழுத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள். எழுத்துகள் சேர்ந்து சொல்லாயின. சொற்கள் சேர்ந்து அடியாயின.

“ஐயா, பாட்டு வருது!”

அவர் தலையை மட்டும் அசைத்தார். இத்தனை காலம் தம் கை வழியாகவே கடந்துபோன சொற்கள், அயலொரு பெண்ணின் வாயிலிருந்து முதன்முறையாக அவர் செவியை அடைந்தன. தேர் முடிந்தது, பாம்புகள் முடிந்தன. கடைசியாகக் கமலம் வந்தது.

எட்டு இதழ்கள், நடுவே ‘யா’ என்னும் ஓரெழுத்து. ஒவ்வோர் இதழின் தொடரும் நடுவே வந்து அதில் முடியும். ஞானசேகரனின் விரல் எழவில்லை. இது மருத்துவமனையில் எழுதியது. வெறுந்தாமரையை வரைந்து கட்டிலருகே வைத்துவிட்டு அவர் மருந்து வாங்கப் போயிருந்தார். திரும்பியபோது மங்கலம் தானே எழுத்துகளை நிரப்பி வைத்திருந்தாள். எந்த இதழில் தொடங்கினாய் என்று அவர் கேட்கவில்லை. கோடுகளில் மை கசிந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார்.

சத்யப்பிரியா ஒவ்வோர் இதழாகத் தொடங்கிப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“மேல இருந்து ஆரம்பிச்சா ‘காவாயா’ன்னு முடியுது. உயிரக் காப்பாத்துன்னு அவுங்க கேக்குற மாதிரி. கீழ இருந்து ஆரம்பிச்சா ‘செல்வேனையா’ன்னு முடியுது. அவுங்களே கெளம்பிட்ட மாதிரி இருக்குது ஐயா. மத்ததெல்லாம் நடுவுல அறுந்து நிக்குது.”

அவர் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“விளக்கத்துல ரெண்டையும் எழுதினா மெஷின் ஒரே பாட்டா ஓட்டிடும், ஏதாவது ஒன்னுதான் எழுதணும். எதப் போடட்டும்?”

“நாளைக்குச் சொல்றேம்மா. நீ ரயிலப் புடி, நேரமாவுது.”

வாசலில் செருப்பை மாட்டியவள் திரும்பி நின்றாள். “இந்தப் பாட்டுக்கு மட்டும் நான் ஃபான்ட் போடல ஐயா. அவுங்க கையெழுத்தயே கோடா எடுத்துட்டேன். எவ்ளோ பெருசு பண்ணாலும் உடையாது.”

கோயிலில் சாயரட்சை மணி அடித்து ஓய்ந்தது. ஞானசேகரன் கமலத்தைத் திறந்து இரு விரல்களால் அகட்டினார். மேலும் அகட்டினார். இதழ்கள் திரையின் நாற்புறமும் வெளியேறின. ‘யா’ மட்டும் நின்றது. கண்ணின் நிழலைக் காட்டிலும் அது பெரிதாகும்வரை அகட்டியபோது, நிழலின் விளிம்புக்கு வெளியே கரிய வளைவு தெளிவாகப் புலப்பட்டது. வளைவு திரும்பும் இடத்தில் சிறு நடுக்கம். பேனா அங்கே சற்று நின்றிருக்கிறது.

விரலால் மெல்ல இழுத்தார். எழுத்து நகர்ந்து ஓரத்தில் மறைந்தது. மேல் இதழுக்கா கீழ் இதழுக்கா, எந்தப் பக்கம் இழுத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்த எழுத்து இன்னும் வந்து சேரவில்லை. திரை முழுதும் வெண்மையாக இருந்தது.