மூன்றாம் கட்டத்துக் குகை

வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒரு படிவத்தை நிரப்பியாக வேண்டும். கை சரியாகிவிட்டது என்று எழுதினால் கிரேன்காரர் திங்கட்கிழமை தன் கூண்டில் ஏறுவார். இல்லை என்று எழுதினால் கிடங்கு வாசலில் உட்கார்ந்து, வந்து போகும் லாரிகளின் எண்ணைக் குறித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இருபத்திரண்டு வருடம் தரைக்கு மேலே தொங்கிக்கொண்டு வேலை பார்த்த மனிதர் அவர்.

ஏணியிலிருந்து விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. தலையிலும் அடி. தலையைப் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மணிக்கட்டு என் பொறுப்பு. எலும்பு கூடிய பிறகு கைக்குப் பழைய பழக்கத்தைத் திருப்பிக் கொடுக்கிற பிசியோதெரபி வேலை என்னுடையது. நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். எல்லாருக்கும் நான் டாக்டரம்மாதான்.

என் அறையில் ரப்பர் பந்து, மணல் பை, மெழுகுத் தொட்டி இவற்றோடு ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியும் உண்டு. மூடிப்போன விளையாட்டுக் கடை ஒன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது. ஆள் உயரம். நடுவில் ஒரு லீவர், இருபுறமும் சுடுவதற்குப் பொத்தான்கள். எந்தக் கை பழுதோ அந்தக் கை லீவரில். திரையில் சதுரம் சதுரமாகத் தெரியும் ஒரு சின்ன விண்கப்பல் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டே இருக்கும். எதிரே பச்சைத் தட்டுகள் வரும், எரிகற்கள் வரும். முதல் இரண்டு கட்டங்கள் திறந்த வானம். கொஞ்சம் தடுமாறினாலும் பிழைத்துக்கொள்ளலாம். மூன்றாவது கட்டம் குகை. மேலேயும் பல், கீழேயும் பல். சட்டென்று ஏறி, சட்டென்று இறங்கத் தெரியாதவர் அங்கே முடிந்தார்.

கிரேன்காரர் முதல் இரண்டு வாரமும் அங்கேதான் முடிந்தார். மேலே ஏற வேண்டிய இடத்தில் கப்பலைத் தரையில் மோதுவார். இறங்க வேண்டிய இடத்தில் கூரையில் குத்துவார். பந்தை நன்றாகவே பிசைந்தார், மணல் பையைத் தூக்கினார். கப்பலை மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை. நான் பக்கத்து அறையில் ஒருவருக்கு மெழுகு ஒத்தடம் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், திரையில் ஐந்தாம் கட்டத்துப் புள்ளிகள் நின்றிருந்தன.

"நீங்களா ஆடினீங்க?"

"ஆமாங்க," என்றார் கிரேன்காரர். சொல்லிவிட்டுத் தன் மச்சானைப் பார்த்தார்.

மச்சான் என்றால் அவர் மனைவியின் அண்ணன். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். தினமும் மாப்பிள்ளையை ஸ்கூட்டரில் கூட்டி வருவார், மூலை நாற்காலியில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவார்.

"எங்க மாப்ளைக்கு வேகம் வந்துடுச்சு டாக்டரம்மா. வீட்ல தங்கச்சி திட்ட ஆரம்பிச்சா இதைவிட வேகமா நகருவாரு."

நான் சிரிக்கவில்லை. "எங்கே, இன்னொரு தடவை ஆடுங்க, பார்ப்போம்," என்றேன். மச்சான் எழுந்து, "கை வலிக்குதாம்மா அவருக்கு, நாளைக்குப் பாத்துக்கலாமே," என்றார்.

செவ்வாய்க்கிழமை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூன்றாம் கட்டம், குகை, தரையில் மோதல். பத்து நிமிடம் வெளியே போய்விட்டு வந்தேன். ஐந்தாம் கட்டம். கதவைத் திறந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மச்சானின் பேன்ட் முழங்காலில் தூசி. கட்டை விரலில் எதையோ அழுத்திப் பிடித்த சிவப்புத் தடம்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? மாப்பிள்ளைக்குப் பதிலாக மச்சான் ஆடுகிறார்.

அன்று மாலை வீட்டில் விளக்கேற்றிவிட்டு நின்றபோது பிரார்த்தனை வரவில்லை. கண்ணை மூடினால் கொக்கியில் தொங்கும் இரும்புக் கட்டுதான் தெரிந்தது. அதன் கீழே யாரோ நிற்கிறார்கள். தன் சாப்பாட்டுப் பையை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர். நான் ஏமாந்து கையெழுத்துப் போட்டால் அந்தக் கட்டு யார் தலையில் இறங்கும்? ஆண்டவனே, எனக்கு இரக்கம் வேண்டாம், கண் மட்டும் திறந்திருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. இரக்கம் வேண்டாம் என்று யாராவது கேட்பார்களா?

புதன்கிழமை எனக்கு மாடியில் வேலை. வியாழக்கிழமை வந்ததும் "மெழுகு அறைக்குப் போறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். போகவில்லை. கதவில் கையகலக் கண்ணாடி ஒன்று உண்டு. அதில் கண்ணை வைத்தேன். செருப்பைக் கூடக் கழற்றிவிட்டிருந்தேன், சத்தம் கேட்கக்கூடாதென்று.

மச்சான் லீவரைப் பிடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் பெட்டியின் அடியில் மண்டியிட்டார். சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். நான்கு திருகாணியையும் கழற்றி அடிப்பலகையை இறக்கினார். கிரேன்காரர் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று செல்போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் மச்சான், அந்தம்மா வந்துடும்."

"வாயை மூடிட்டு வெளிச்சத்தைக் காட்டு மாப்ளே. நீ ஆட்டுற ஆட்டத்துல மஞ்சள் வயரும் பச்சை வயரும் ஒண்ணாத் தெரியுது."

கதவைத் தள்ளினேன். மச்சானின் தலை பெட்டியில் டங்கென்று மோதியது.

"என்ன நடக்குது இங்கே?"

"லூஸ் கனெக்‌ஷன்மா…"

"நாலு நாளா லூஸா? ஆஸ்பத்திரிப் பெட்டியைப் பிரிச்சு, புள்ளி ஏறுற மாதிரி மாத்தி வைக்கிறீங்க. என்னை ஏமாத்துறதா நினைப்பு. நாளைக்குக் கிரேனுக்குக் கீழே நிக்கிறவனை யார் காப்பாத்துவா?"

மச்சான் தலையைத் தேய்த்தபடி வெளியே வந்தார். கிரேன்காரர்தான் பேசினார்.

"அவரைத் திட்டாதீங்கம்மா. தப்பு என்னோடது. எங்க கிரேன்ல லீவரை நம்ம பக்கம் இழுத்தா கொக்கி மேலே ஏறும். தள்ளினா இறங்கும். இருபத்திரண்டு வருசமா இந்தக் கைக்கு அது ஒண்ணுதான் தெரியும். உங்க பெட்டியில இழுத்தா கப்பல் கீழே போகுது. மெதுவாப் போறப்ப யோசிச்சுச் செஞ்சுடறேன். குகைக்குள்ள யோசிக்க நேரம் இல்லீங்க. கை அதுபாட்டுக்கு இழுத்துடுது."

"ரெண்டே ரெண்டு வயர்தான்மா," என்றார் மச்சான். "மேலே போறதையும் கீழே போறதையும் இடம் மாத்திக் கொடுப்பேன். அவரு ஆடி முடிச்சதும் பழையபடி வச்சுடுவேன். வேற எதையும் தொடலை, சத்தியமா."

"இதை என்கிட்ட ஏன் சொல்லலை?"

கிரேன்காரர் மேசை மேலிருந்த படிவத்தைக் காட்டினார். ஏழாவது கேள்வி: மேல், கீழ் என்ற திசை குழம்புகிறதா?

"தலையில அடிபட்டவன் வந்து, எனக்கு மேலே கீழே மாறிப் போகுதுன்னு சொன்னா, நீங்க என்ன எழுதுவீங்க?"

என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் போகிற விருந்தாளி இல்லை. கிடங்குக்குப் போன் செய்து மேஸ்திரியைக் கேட்டேன்.

"உங்க கிரேன்ல லீவரை இழுத்தா கொக்கி ஏறுமா, இறங்குமா?"

"ஏறும். இது என்னம்மா கேள்வி? நீங்க கிரேன் வாங்கப் போறீங்களா?"

போனை வைத்துவிட்டு, மச்சானிடம் வயரை மாற்றச் சொன்னேன். மாற்றி முடித்ததும் அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். கிரேன்காரரின் தோளுக்குப் பின்னால் நின்று மணிக்கட்டை மட்டும் பார்த்தேன்.

குகை வந்தது. இழுத்தார், கப்பல் பல்லுக்கு மேலே வழுக்கி ஏறியது. தள்ளினார், கூரைக்குக் கீழே இறங்கியது. மணிக்கட்டில் நடுக்கமில்லை. கனமான எதையோ கீழே வைக்கிற பதமான அசைவு அது. ஐந்தாம் கட்டத்தையும் தாண்டினார்.

"நீங்க ஒரு தடவை ஆடிப் பாருங்களேன் டாக்டரம்மா," என்று கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. மச்சான் கண்ணாடியில் கண்ணை வைத்திருந்தார்.

ஆடினேன். ஆறு வருடமாக இந்தப் பெட்டியோடு இருப்பவள் நான். குகை வரை கூடப் போகவில்லை. முதல் எரிகல்லுக்கு விலகி மேலே போக நினைத்தேன். என் கை பழக்கதோஷத்தில் லீவரைத் தள்ளியது. கப்பல் நேரே கீழே போய் இன்னொரு கல்லில் வெடித்தது.

"ஏழாவது கேள்விக்கு உங்களுக்கு என்ன எழுதறது?" என்றார் மச்சான், உள்ளே வந்து.

இந்தமுறை சிரித்துவிட்டேன். "உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுடுங்க."

"விடுங்கம்மா. கண்ணாடியில பாத்தா எனக்கே என் மேல சந்தேகம் வரும். மூஞ்சி அப்படி."

படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டேன். தங்கையின் கணவனுக்காகத் தினமும் இரண்டு முறை ஆஸ்பத்திரித் தரையில் மண்டியிட்ட ஒரு மனிதரை நான்கு நாளாக மோசக்காரர் என்று நினைத்திருக்கிறேன். மனம் கனத்துத்தான் இருந்தது. ஆனால் குற்ற உணர்ச்சியில் கையெழுத்துப் போடக்கூடாது. அதுவும் ஒருவிதத்தில் ஏமாறுவதுதான். பிடிமானத்தை அளக்கும் கருவியை எடுத்து வந்தேன். மூன்று முறை அழுத்தச் சொன்னேன். மூன்று முறையும் முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

பேனாவை எடுத்தபோது கிரேன்காரர், "ஒரு நிமிசம்மா," என்றார்.

"என்ன?"

"உங்களுக்குத் துளி சந்தேகம் இருந்தாலும் போடாதீங்க. இன்னும் ஒரு வாரம் வந்து ஆடறேன். ரெண்டு வாரம்னாலும் வர்றேன். லாரி நம்பர் எழுதிட்டுப் போறேன், அதுக்கென்ன. கீழே நம்ம ஆளுங்க நிப்பாங்க."

"மாப்ளே, அந்தம்மாவே போடறாங்க, நீ ஏன்யா நடுவுல…" என்று மச்சான் பதறினார்.

ஏழாவது கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினேன். அதன் கீழே, இவருக்கு இழுத்தால்தான் மேல் என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.