ஒரு கிண்ணம் குறைந்த நாள்

பூமகாக்கா ஸ்டேஷனில் மூச்சு விடுவதே ஒரு வேலை. கடலோரத் தலைநகர் லிமாவிலிருந்து ஏறி வருகிறவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் அந்த உயரத்தில்தான் மார்செலினா ஆட்டுத்தலைச் சூப் விற்றுக் காலம் தள்ளினாள். ரயில் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகக் கிண்ணங்களை நீட்டுவாள். மலை செங்குத்து என்பதால் ரயில் அங்கிருந்து பின்பக்கமாகவே ஏறும்; மேல் முனையில் நின்று, தடம் மாற்றும் பாயிண்ட்ஸ் மாறியதும் மறுபடி முன்னோக்கிக் கிளம்பும். அதற்குள் அவள் ஆட்டுத்தடத்தில் நேரே ஏறி, காலிக் கிண்ணங்களை வாங்கிக்கொள்வாள். மேலே பாயிண்ட்ஸ் மாற்றுகிறவன் அவள் புருஷன் எவாரிஸ்டோ.

அன்று சால்வையால் முகத்தை மூடிய ஒருத்தி கிண்ணத்துக்குக் கை நீட்டினாள். மடியில் குழந்தை. மணிக்கட்டில் சூப் கொட்டி வெந்த பழைய தழும்பு. மார்செலினாவின் அடுப்படியில் பட்ட தழும்பு அது. நெலிதாவேதான், லாரிக்காரனோடு ஓடிப்போன மகள். ரயில்காரன் வீட்டுக்கு லாரிக்காரன் மருமகனா என்று எவாரிஸ்டோ குதித்த குதியில், இரண்டு வருடமாக அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

வாயைத் திறப்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. பெற்ற மனம் கேட்குமா? ஓடினாள். பாதி ஏற்றத்தில் நெஞ்சு அடைத்தது. மேலே ரயில் போய் நின்றாயிற்று. லிவரைத் தள்ள அந்த மனுஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பேரனா பேத்தியா என்றுகூடத் தெரியாமல் போகப்போகிறதே என்று அழுதுகொண்டே ஏறினாள்.

ரயில் நின்றுகொண்டுதான் இருந்தது. டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார். "என்னய்யா, இன்னுமா ஆகல?"

"பாயிண்ட்ஸ்ல பனி உறைஞ்சு கெடக்கு. பொறுங்க," என்றான் எவாரிஸ்டோ, லிவரில் கை வைத்தபடி; கண் மட்டும் சால்வைக்காரியின் ஜன்னலில் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது.

"இந்த வெயில்லயா?"

"மலையாச்சே. அது இஷ்டம்."

மார்செலினா ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். "என்ன கொழந்தடி?"

"பொண்ணும்மா. அப்படியே நம்ம அப்பா மூக்கு."

"ஐயோ பாவம்," என்று சிரித்தவளுக்கு அழுகையும் வந்தது. மகள் கிண்ணத்தை நீட்டினாள். மார்செலினா வாங்கவில்லை. "வச்சுக்க. ஞாயித்துக்கிழமை நீயே கொண்டாந்து குடு."

அப்புறம்தான் பனி உருகியது. ரயில் போனது. பயணிகள் கொடுத்துவிட்டுப் போன கிண்ணங்களை எவாரிஸ்டோ அடுக்கினான்.

"ஒண்ணு கொறையுதே."

"அவகிட்ட இருக்கு. ஞாயித்துக்கிழமை கொண்டாருவா."

அவன் அடுக்கிய கிண்ணங்களை மறுபடி ஒருமுறை எண்ணினான்.

"மலை ரோடு. கைக்கொழந்தை வேற," என்றான். "மெதுவா ஓட்டச் சொன்னியா, அந்த லாரிக்காரன?"